சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிர் பிழைக்குமா? நுரையீரல் புற்றுநோய் ஸ்க்ரீனிங்கை எப்படி அளக்கிறார்கள்

போன ஆவணி மாதம் சித்தப்பா வாட்ஸப்பில் ஒரு நோட்டீஸைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். ஏதோ ஒரு ஸ்கேன் சென்டருடையது. நடுவில் நுரையீரல் படம், அதில் சிவப்பாக ஒரு புள்ளி, கீழே கொட்டை எழுத்தில், நுரையீரல் புற்றுநோயை முதல் கட்டத்திலேயே கண்டுபிடித்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைத்துவிடுவார்கள், இன்றே ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது. அடியில் சித்தப்பா ஒரே வரி எழுதியிருந்தார்: "எடுக்கட்டுமாடா?"

அவருக்கு 62 வயது. லாரி ஷெட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். இருபது வயதில் தொட்ட சிகரெட்டை ஐம்பத்தைந்தில்தான் விட்டார், அதுவரை தினமும் இரண்டு பாக்கெட். அப்படிப்பட்டவர் கேட்டால் உடனே போய் எடுங்கள் என்று சொல்லவேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அப்படிப் பதில் போடத்தான் கை பரபரத்தது. ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிர் பிழைக்கும் என்ற, கேட்டவுடனே தலையாட்ட வைக்கிற இந்த ஒரு வரி உண்மைதானா என்று தெரிந்துகொள்ள மருத்துவ உலகத்துக்கு ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆனது. அந்தக் கதையை அவருக்குப் போனில் சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அந்த நோட்டீஸ் அவருக்கு மட்டும் வந்திருக்காது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். விடாத இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது என்று ஏதாவது தொந்தரவு இருந்து டாக்டரிடம் போய் ஸ்கேன் எடுப்பது வேறு. அதில் கேள்விக்கே இடமில்லை, எடுத்தே ஆகவேண்டும். ஒரு தொந்தரவும் இல்லாமல் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவர்களைக் கூப்பிட்டு, உள்ளே ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஸ்க்ரீனிங். நான் பேசப்போவது அதைப் பற்றி மட்டும்.

1971-ல் அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டர் ஊரில் இருக்கும் மாயோ கிளினிக்கில் ஓர் ஆய்வு தொடங்கியது. நிறைய சிகரெட் பிடிக்கிற, 45 வயதைத் தாண்டிய ஆண்களைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் ஒரு எக்ஸ்ரே, ஒரு சளிப் பரிசோதனை; அப்போதே புற்றுநோய் தெரிந்தவர்களைத் தனியே சிகிச்சைக்கு அனுப்பிவிட்டு, மற்ற 9,211 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நான்கு மாதத்துக்கு ஒரு தடவை எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும், ஆறு வருஷத்துக்கு. மறு பாதிக்கு, வருஷம் ஒரு தடவை பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று ஒரு அறிவுரை, அவ்வளவுதான்.

அடிக்கடி பார்த்த பாதியில் 206 பேருக்குப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. மறு பாதியில் 160. புற்றுநோய் வந்தவர்களில் ஐந்து வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள், அடிக்கடி பார்த்த பாதியில் 33 சதவீதம், மறு பாதியில் 15 சதவீதம். இரண்டு மடங்குக்கு மேல்! இந்த இடத்தில் கணக்கை நிறுத்தியிருந்தால் அன்றைக்கே உலகம் முழுக்க எக்ஸ்ரே வண்டிகள் கிளம்பியிருக்கும். ஆனால் அவர்கள் இன்னொன்றையும் எண்ணினார்கள். நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள்: அடிக்கடி பார்த்த பாதியில் 122 பேர், மறு பாதியில் 115 பேர்.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பாருங்கள். நோய் வந்தவர்கள் அதிக நாள் வாழ்ந்திருக்கிறார்கள், ஆனால் சாவு ஒன்றுகூடக் குறையவில்லை. இரண்டும் உண்மை. இது எப்படி முடியும் என்று புரிந்துவிட்டால் ஸ்க்ரீனிங் பற்றிய முக்கால்வாசி விஷயம் புரிந்தமாதிரி.

திருச்சியிலிருந்து சென்னைக்கு இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் வருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எதிரும் புதிருமாக இரண்டு பேர் தூங்குகிறார்கள். ஒருவர் விழுப்புரத்திலேயே விழித்துவிடுகிறார். இன்னொருவர் தாம்பரத்தில்தான் கண்ணைத் திறக்கிறார். விழுப்புரத்தில் விழித்தவர் ரொம்ப நேரம் முழித்திருந்தார் என்பது வாஸ்தவம்தான், ஆனால் இருவரும் எழும்பூரில் இறங்கியது ஒரே நேரத்தில். நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதும் பல சமயம் இப்படித்தான். ஒருவருக்கு 65 வயதில் இருமல் வந்து புற்றுநோய் என்று தெரிந்து, 67-ல் இறக்கிறார் என்றால் கண்டுபிடித்தபின் வாழ்ந்தது இரண்டு வருஷம். அதே ஆளுக்கு 61-லேயே எக்ஸ்ரேயில் தெரிந்து, சிகிச்சை எதுவும் பலிக்காமல் அதே 67-ல் இறந்தாலும், கண்டுபிடித்தபின் ஆறு வருஷம் வாழ்ந்தவராகக் கணக்கில் ஏறுவார். ஐந்து வருஷத்தைத் தாண்டிய வெற்றிக் கதைகளில் அவரும் ஒன்று. அவருக்குக் கூடுதலாகக் கிடைத்தது, தனக்குப் புற்றுநோய் என்று தெரிந்துகொண்டு வாழ்ந்த நான்கு வருஷம். வண்டி எத்தனை மணிக்கு எழும்பூர் போய்ச் சேர்ந்தது என்பதை விட்டுவிட்டு யார் எப்போது விழித்தார் என்று கேட்டால் இப்படித்தான் ஏமாந்துபோவோம்.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. தெருமுனை டீக்கடையை ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை எட்டிப் பார்க்கிறீர்கள். யார் கண்ணில் படுவார்? நின்ற நிலையில் இரண்டு மடக்கில் குடித்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போகிறவர் பட மாட்டார். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர்தான் எப்போது போனாலும் இருப்பார். புற்றுநோயிலும் இந்த இரண்டு ரகமும் உண்டு. சில கட்டிகள் சில மாதத்தில் வளர்ந்து பரவிவிடும். போன எக்ஸ்ரேயில் இருந்திருக்காது, அடுத்த எக்ஸ்ரேக்குள் ஆளைப் படுக்கவைத்துவிடும். சில கட்டிகள் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் மெல்ல வளரும். குறிப்பிட்ட இடைவெளியில் எட்டிப் பார்க்கிற எந்தப் பரிசோதனையும் இந்த மெதுவான ரகத்தைத்தான் அதிகம் பிடிக்கும். மெதுவான ரகம் வந்தவர்கள் எப்படியும் அதிக நாள் வாழக்கூடியவர்கள். அந்தப் பெருமை பரிசோதனையின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் மனசைப் பிசைவது. மாயோவில் 206, 160 என்று பார்த்தோம். குலுக்கிப் பிரித்த இரண்டு பாதிகளில் ஒரு பாதிக்கு மட்டும் 46 பேருக்கு அதிகமாகப் புற்றுநோய் எப்படி வரும்? சரி, மறு பாதியில் அந்த 46 பேருக்கும் நோய் உள்ளே இருக்கிறது, பிற்பாடு வெளியே தெரியும் என்று வைத்துக்கொண்டால், வருஷங்கள் போகப் போக எண்ணிக்கை சமமாகியிருக்க வேண்டும். பல வருஷம் கழித்துப் பார்த்தபோதும் 585-க்கு 500 என்றுதான் இருந்தது. அதாவது, கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் ஆயுசுக்கும் தொந்தரவு கொடுத்திருக்காத கட்டிகள் சில இருக்கின்றன. ஒன்று கட்டி வளராமல் நின்றிருக்கும், அல்லது அது வளர்ந்து வேலையைக் காட்டுவதற்குள் அந்த மனிதர் மாரடைப்பிலோ வேறு எதிலோ போயிருப்பார். நாற்பது வருஷம் சிகரெட் பிடித்தவருக்கு இதயமும் நல்ல நிலையில் இருக்காது, இல்லையா. இதை மிகைக் கண்டறிதல் என்கிறார்கள்.

இது சதவீதத்தை என்ன செய்கிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டால் தெரியும். நூறு பேருக்குப் புற்றுநோய், ஐந்து வருஷத்தில் 85 பேர் இறக்கிறார்கள், 15 பேர் இருக்கிறார்கள்: 15 சதவீதம். இப்போது ஸ்க்ரீனிங் வந்து, எப்படியும் கொல்லாத கட்டி உள்ள 30 பேரைப் புதிதாகப் பட்டியலில் சேர்க்கிறது. மொத்தம் 130 பேர், உயிரோடு இருப்பவர்கள் 45: கிட்டத்தட்ட 35 சதவீதம்! இறந்தவர்கள் அதே 85 பேர். ஒரு குடும்பத்தில்கூட ஒரு சாவு தவிர்க்கப்படவில்லை, ஆனால் நோட்டீஸில் போடுவதற்குப் பளபளவென்று ஓர் எண் கிடைத்துவிட்டது. அந்த 30 பேரோ, தேவையே இல்லாமல் நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துக்கொண்டு, நல்லவேளை சீக்கிரம் பார்த்தார்கள் என்று கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பார்கள். தனக்கு அது தேவையே இல்லை என்று அவர்களில் ஒருவருக்கும் தெரிய வழியில்லை. அறுவை சிகிச்சை செய்த டாக்டருக்கும் தெரியாது. ஆயிரக்கணக்கான பேரை வரிசையில் நிறுத்தி எண்ணும்போதுதான் தெரியும்.

அதனால்தான் ஸ்க்ரீனிங்கை அளக்கிற விதி இவ்வளவு கறாராக இருக்கிறது. கண்டுபிடித்த நாளிலிருந்து கடிகாரத்தை ஓட்டக்கூடாது, குலுக்கிப் பிரித்த நாளிலிருந்து ஓட்ட வேண்டும். வகுக்கும்போது கீழே நோய் வந்தவர்களை மட்டும் போடக்கூடாது, பிரித்த மொத்தப் பேரையும் போடவேண்டும். எண்ணவேண்டியது இறப்பை. ஸ்கேனுக்கு வா என்று கூப்பிட்டும் வராதவர்கள்கூடக் கூப்பிட்ட பாதியிலேயேதான் எண்ணப்பட வேண்டும். இந்தக் கடைசி விதி பலருக்கு அநியாயமாகப் படும், வராதவனை ஏன் சேர்க்க வேண்டும் என்று. யோசித்துப் பாருங்கள், ஊரில் இலவச மருத்துவ முகாம் போட்டால் முதல் ஆளாக வந்து நிற்பவர் யார்? தினமும் காலையில் நடக்கப் போகிறவர், மாத்திரையை நேரம் தவறாமல் போடுகிறவர். வீட்டில் முடங்கிக் கிடக்கிற, உண்மையிலேயே உடம்பு கெட்டிருக்கிறவர் வரமாட்டார். வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டால் முகாம் நடத்தாமல் வெறும் வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்பியிருந்தாலும் வந்தவர்கள்தான் அதிக நாள் வாழ்ந்திருப்பார்கள்.

மாயோ ஆய்விலும் குறை இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மறு பாதியில் இருந்தவர்களில் பாதிப் பேர் போலத் தாங்களாகவே எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார்கள். அப்புறம், சின்ன நன்மை இருந்தால் அதைப் பார்க்கிற அளவுக்கு ஆள் பலமும் போதவில்லை. அந்தச் சந்தேகத்தையும் தீர்த்துவிட அமெரிக்காவில் இன்னொரு பெரிய ஆய்வு நடந்தது, 55 முதல் 74 வயது வரை 1,54,901 பேர், ஒரு பாதிக்கு வருஷா வருஷம் எக்ஸ்ரே, நான்கு வருஷம். 13 வருஷம் வரை எண்ணிப் பார்த்ததில் நுரையீரல் புற்றுநோய் இறப்பு எக்ஸ்ரே எடுத்த பாதியில் 1,213, எடுக்காத பாதியில் 1,230. 2011-ல் அந்த முடிவு வெளிவந்ததோடு எக்ஸ்ரே கதை முடிந்தது.

அதற்குள் சி.டி. ஸ்கேன் வந்துவிட்டது. குறைந்த கதிர்வீச்சில், சாதாரண நெஞ்சு சி.டி.யில் ஐந்தில் ஒரு பங்கு அளவில், மூச்சைப் பிடித்துக்கொள்ளும் சில நொடிகளுக்குள் எடுத்துவிடலாம். எக்ஸ்ரேயில் விலா எலும்புக்குப் பின்னால் மறைந்துகொள்கிற பொட்டுக்கூட இதில் தெரியும். நியூயார்க்கைச் சேர்ந்த கிளாடியா ஹென்ஷ்கே என்ற மருத்துவரின் குழு 2006-ல் ஒரு முடிவை வெளியிட்டது: 31,567 பேருக்கு ஸ்கேன், 484 பேருக்குப் புற்றுநோய், பெரும்பாலானவை முதல் கட்டம், அந்த முதல் கட்டத்தில் இருந்தவர்கள் பத்து வருஷம் உயிரோடு இருக்கக்கூடிய வாய்ப்பு 88 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். சித்தப்பாவின் நோட்டீஸில் இருந்த பத்தில் ஒன்பது இந்த ரகத்து எண்தான். மேலே சொன்ன மூன்று காரணங்களையும் வைத்துக்கொண்டு இதைப் படித்துப் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க மறு பாதி என்று ஒன்றே இந்த ஆய்வில் கிடையாது.

அடுத்த வருஷமே பீட்டர் பாக் என்ற மருத்துவர் வேறு மூன்று இடங்களில் ஸ்கேன் எடுத்த 3,246 பேரைக் கணக்கெடுத்தார். இவர்களுடைய வயதையும் சிகரெட் கணக்கையும் வைத்துப் பார்த்தால் 44 அல்லது 45 பேருக்குப் புற்றுநோய் தெரியவந்திருக்க வேண்டும், தெரிந்தது 144 பேருக்கு. 11 பேருக்கு அறுவை சிகிச்சை நடந்திருக்க வேண்டும், நடந்தது 109 பேருக்கு. இறந்திருக்க வேண்டியவர்கள் சுமார் 39, இறந்தவர்கள் 38. மாயோவின் நிழல் அப்படியே விழுகிறது. ஆனால் இதையும் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது, ஒப்பிட்டது நிஜ மனிதர்களோடு இல்லை, கணக்கிட்டு எதிர்பார்த்த எண்ணோடு, காலமும் குறைவு.

தீர்ப்பு சொல்லப் பெரிய குலுக்கல் ஆய்வு வேண்டும். எவ்வளவு பெரியது? கடுமையாகப் புகைத்தவர்களிலேயே ஆறேழு வருஷத்தில் நுரையீரல் புற்றுநோயால் இறப்பவர்கள் ஆயிரத்துக்குப் பதினாறு பதினேழு பேர்தான். ஸ்கேன் அதில் ஐந்தில் ஒன்றைத் தடுக்கிறது என்றால், ஆயிரத்துக்கு மூன்று பேர். ஒரு பக்கத்துக்கு இரண்டாயிரம் பேரை வைத்துக்கொண்டு இந்த மூன்றைத் தேடினால் தற்செயலாக ஏறி இறங்குகிற எண்ணிக்கையிலேயே அது மூழ்கிப்போகும். டென்மார்க்கில் 4,104 பேரை வைத்து அப்படி ஓர் ஆய்வு நடந்தது, நுரையீரல் புற்றுநோயால் ஸ்கேன் எடுத்த பாதியில் 39 சாவு, எடுக்காத பாதியில் 38. அதிலிருந்து ஸ்கேன் பலிக்காது என்றும் சொல்ல முடியாது, பலிக்கும் என்றும் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் தேசிய நுரையீரல் ஸ்க்ரீனிங் ஆய்வில் 53,454 பேரைச் சேர்த்தார்கள். 2002 ஆகஸ்டில் தொடங்கி, 33 மருத்துவ மையங்களில். வயது 55 முதல் 74 வரை. குறைந்தது 30 பாக்கெட்-ஆண்டு புகைத்திருக்க வேண்டும், அதாவது தினம் ஒரு பாக்கெட் வீதம் முப்பது வருஷம், அல்லது இரண்டு பாக்கெட் வீதம் பதினைந்து வருஷம். விட்டவர் என்றால் விட்டு 15 வருஷத்துக்குள் இருக்கவேண்டும். (அவர்கள் பாக்கெட்டில் இருபது சிகரெட். நம் ஊரில் பத்து இருப்பதுதான் வழக்கமான பாக்கெட், ஆகவே சித்தப்பாவின் இரண்டு பாக்கெட் அங்கே ஒரு பாக்கெட். இதைக் கவனிக்காமல் கணக்குப் போட்டால் இரண்டு மடங்கு தப்பாகிவிடும்.) ஒரு பாதிக்கு வருஷம் ஒன்று வீதம் மூன்று சி.டி. ஸ்கேன், மறு பாதிக்கு மூன்று எக்ஸ்ரே.

2010 நவம்பரில், முடிவு தெளிவாகிவிட்டது என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். நுரையீரல் புற்றுநோய் இறப்பு ஸ்கேன் பக்கம் 356, எக்ஸ்ரே பக்கம் 443. இருபது சதவீதம் குறைவு. இந்த முறை உண்மையிலேயே சாவு குறைந்திருந்தது! எக்ஸ்ரேயால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்று அந்த இன்னொரு பெரிய ஆய்வு காட்டிவிட்டதால், எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டது சும்மா இருப்பதோடு ஒப்பிட்டதுபோலவே ஆயிற்று. எல்லாக் காரணங்களையும் சேர்த்த மொத்த இறப்பும் 2,000-லிருந்து 1,877 ஆகக் குறைந்தது.

இதை நான் மதிக்கிறேன், மனசார. 87 பேர், அவர்களுடைய வீடுகள். ஆனால் அதே முடிவைச் சித்தப்பாவுக்குச் சொல்லும்போது முழுசாகச் சொல்ல வேண்டும் என்றும் நினைக்கிறேன். உங்களைப் போன்ற ஆயிரம் பேர் ஸ்கேன் எடுக்காமல் இருந்தால் ஆறரை வருஷத்தில் பதினாறு பதினேழு பேர் இந்த நோயால் இறப்பார்கள். எடுத்தால் பதின்மூன்று பேர். ஸ்கேன் எடுத்தும் இறந்தவர்கள் 356 பேர் என்பதை மறக்கக்கூடாது. ஓர் உயிர் காக்க 320 பேருக்கு ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. மூன்று வருஷத்தில் ஒரு தடவையாவது "உள்ளே ஏதோ தெரிகிறது" என்று கேட்டவர்கள் நூற்றுக்கு 39 பேர். அப்படித் தெரிந்தவற்றில் 96.4 சதவீதம் புற்றுநோயே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இன்னொரு ஸ்கேனோடு முடிந்தது, ஆனால் சிலருக்கு ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள், சிலருக்கு நெஞ்சைத் திறந்தார்கள். அப்படிப்பட்ட சோதனைக்கு அப்புறம் அறுபது நாளுக்குள் ஸ்கேன் பக்கத்தில் 16 பேர் இறந்தார்கள், அவர்களில் ஆறு பேருக்குப் புற்றுநோயே இல்லை.

நம் நாட்டில் இந்தப் பொய் எச்சரிக்கை இன்னும் பெரிய விஷயம். உலகத்திலேயே டி.பி. நோயாளிகள் அதிகம் இருப்பது இந்தியாவில்தான். டி.பி. ஆறியபின் நுரையீரலில் தழும்பு விட்டுப் போகும், ஸ்கேனில் அது ஒரு முடிச்சாகத் தெரியும். அமெரிக்காவிலேயே சில பகுதிகளில் மண்ணில் இருக்கிற ஒரு பூஞ்சையால் இப்படித் தழும்பு வந்து டாக்டர்களைக் குழப்புகிறது. இங்கே டி.பி. தழும்பு எத்தனை பேர் நெஞ்சில் இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

இந்தப் பிரச்சினைக்கு நெதர்லாந்துக்காரர்களும் பெல்ஜியத்துக்காரர்களும் ஒரு நல்ல வழி கண்டார்கள். 15,789 பேரை வைத்து அவர்கள் நடத்திய ஆய்வுக்கு நெல்சன் என்று பெயர், முடிவு 2020-ல் வந்தது. முடிச்சின் குறுக்களவைப் பார்க்காமல் கனஅளவைக் கணினியில் அளந்தார்கள். ஐந்து மில்லிமீட்டர் முடிச்சு 6.3 மில்லிமீட்டர் ஆகிறது என்றால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் உருண்டையின் கனஅளவு இரண்டு மடங்காகிவிட்டது. 50 கன மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் வீட்டுக்குப் போகலாம். 500-க்கு மேலே என்றால் உடனே மேல்பரிசோதனை. நடுவில் இருந்தால் மூன்று மாதம் காத்திருந்து இன்னொரு ஸ்கேன், அது எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்த்து முடிவு. டி.பி. தழும்பு வளராது, புற்றுநோய் வளரும், காலம்தான் இரண்டையும் பிரித்துக் காட்டும். இதனால் மேல்பரிசோதனைக்கு அனுப்பிய ஸ்கேன்கள் நூற்றுக்கு இரண்டு அளவுக்குக் குறைந்தன. பத்து வருஷக் கணக்கில் ஆண்களில் நுரையீரல் புற்றுநோய் இறப்பு ஸ்கேன் எடுக்காத பாதியில் 206, எடுத்த பாதியில் 156, 24 சதவீதம் குறைவு. மொத்த இறப்பில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை. இதைக் காட்டி ஸ்க்ரீனிங் வீண் என்று சிலர் வாதாடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, இந்த வயதில் இந்த மனிதர்கள் இதயத்தாலும் மற்றதாலும் இறக்கிற எண்ணிக்கை பெரியது, அந்தக் கூட்டத்தில் ஐம்பது பேர் குறைந்தது கண்ணுக்குத் தெரிய இன்னும் எத்தனையோ மடங்கு ஆட்கள் வேண்டும்.

அப்படியானால் எல்லோருக்கும் எடுத்துவிடலாமே? இங்கேதான் ரொம்பக் கவனம் வேண்டும். அமெரிக்க ஆய்வில் இருந்தவர்களையே ஆபத்து அளவை வைத்து ஐந்து பங்காகப் பிரித்துப் பார்த்தார்கள். அதிக ஆபத்து உள்ள பங்கில் 161 பேருக்கு ஸ்கேன் எடுத்தால் ஒரு சாவைத் தடுக்கலாம். குறைந்த ஆபத்து உள்ள பங்கில் 5,276 பேர் வேண்டும். இவர்கள் எல்லோருமே முப்பது பாக்கெட்-ஆண்டு புகைத்தவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, சிகரெட்டைத் தொடாதவர்களுக்கு அந்த எண் எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கள். லாபம் இப்படித் தேய்ந்துகொண்டே போகும், பொய் எச்சரிக்கையும் தேவையில்லாத அறுவை சிகிச்சையும் கூடவே தேயாது.

தைவானில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அங்கே பெண்களில் புகைப்பவர்கள் மிகக் குறைவு, ஆனால் சி.டி. ஸ்கேன் பரவலாக எடுக்கப்பட்டது. 2004-லிருந்து 2018-க்குள் பெண்களிடம் முதல் கட்டப் புற்றுநோய் லட்சத்துக்கு 2.3-லிருந்து 14.4 ஆயிற்று, ஆறு மடங்கு. முற்றிய கட்டத்தில் தெரிந்தது 18.7-லிருந்து 19.3. ஆரம்பத்திலேயே பிடித்தவை எல்லாம் விட்டிருந்தால் முற்றியிருக்கும் என்றால், அவற்றைப் பிடித்து வெட்டிய பிறகு முற்றியவை குறைந்திருக்க வேண்டும் இல்லையா? துளிகூடக் குறையவில்லை. ஐந்து வருஷம் வாழ்ந்தவர்களின் சதவீதம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. 1971-ல் ஆரம்பித்த அதே கதை வேறு மொழியில். ஒரு நாடோ ஒரு மாநிலமோ ஸ்க்ரீனிங்கைத் தொடங்கிவிட்டால் அப்புறம் நாம் பார்க்கவேண்டியது இந்த இரண்டு கோடுகளைத்தான். முதல் கட்டக் கோடு ஏறுவது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியது. முற்றிய கட்டக் கோடு இறங்குகிறதா, அதன் பின்னால் இறப்பு இறங்குகிறதா?

சித்தப்பாவிடம் வருகிறேன். அவருடைய வயது, புகைத்த கணக்கு, விட்டு ஏழு வருஷம் ஆனது, எல்லாம் அமெரிக்க ஆய்வு சேர்த்துக்கொண்ட ஆளுக்கு அப்படியே பொருந்துகிறது. அவரிடம் மேலே உள்ள ஆயிரம் பேர் கணக்கைச் சொன்னேன், பொய் எச்சரிக்கையையும் சொன்னேன். "பதினாறு, பதின்மூன்று... அந்த மூணு பேர்ல நான் இருக்கலாம் இல்ல?" என்று கேட்டார். இருக்கலாம் சித்தப்பா, ஆனால் ஆயிரத்தில் "ஏதோ தெரிகிறது" என்று கேட்கிற அந்த முந்நூற்றுத் தொண்ணூறு பேரில் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம் என்றேன். சரி, அது தெரிந்துகொண்டே போகிறேன் என்றார். நோட்டீஸில் இருந்த சென்டருக்குப் போகாமல், முதலில் ஒரு நெஞ்சு நோய் மருத்துவரைப் பார்த்து, அவர் எழுதிக்கொடுத்த பிறகுதான் புரட்டாசியில் ஸ்கேன் எடுத்தார்.

ரிப்போர்ட்டில் இரண்டு விஷயம் இருந்தது. வலது நுரையீரலின் உச்சியில் சுண்ணாம்பு படிந்த பழைய தழும்பு. இருபத்திரண்டு வயதில் டி.பி. வந்து மாசக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டதை அப்போதுதான் எங்களிடம் சொன்னார், சித்திக்கே தெரியாதாம். இன்னொன்று இடது பக்கம் ஏழு மில்லிமீட்டர் முடிச்சு. டாக்டர் கத்தியைப் பற்றியோ ஊசியைப் பற்றியோ பேசவில்லை, மூன்று மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன், வளர்ந்திருக்கிறதா பார்க்கலாம் என்றார். சித்தி பயந்துபோய், இப்பவே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டாள். சித்தப்பா அவளிடம், வளராததை எடுத்து என்ன செய்யப்போகிறோம், பொறு என்று சொல்லிவிட்டு, டெய்லி காலண்டரில் மார்கழித் தாளைத் தேடி எடுத்துப் பேனாவால் வட்டம் போட்டார். அன்றைக்கு நானும் கூடப் போகிறேன்.